வாரக் கூலியில் வருஷத்தைக் கடப்பது எப்படி

பணத்தைப் பற்றி வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல் "ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. எங்கள் தேனிப் பக்கம் கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று மலையடிவாரம் முழுக்கப் பல வீடுகளுக்கு ஒன்றாம் தேதியில் விசேஷம் எதுவும் இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டோ போடிமெட்டோ தாண்டி, கேரளாவின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு வாரக் கூலி. காய் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை, கோடையில் வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தாலே பெரிது, நடுவில் கேரளாவில் ஹர்த்தால் என்றால் ஜீப் மலை ஏறாது, ஓணத்துக்குத் தோட்டம் அடைத்தால் அந்த வாரக் கூலியும் குறையும். பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்லும் கணக்கு இந்த வரவுக்கு ஒட்டவே ஒட்டாது. அதைக் கேட்டுவிட்டு "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். சரிப்படும். மாதத்தை விட்டுவிட்டு வருஷத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கடன் வாங்கியவர்களிடம் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் "திடீர்னு செலவு வந்துருச்சு" என்பார்கள். என்ன செலவு என்று கேட்டால், ஜூனில் பள்ளிக்கூடம், சித்திரையில் வீரபாண்டித் திருவிழா, அப்புறம் தீபாவளி, ஆவணியிலும் தையிலும் வரிசையாகக் கல்யாணம். இதில் எது திடீர்? எல்லாம் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே இருக்கிறது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, சாவு இவைதான் உண்மையில் சொல்லாமல் வருபவை. மற்றதெல்லாம் போன வருஷமும் இதே மாதத்தில்தான் வந்தது.

என் மதினி வண்டன்மேடு பக்கம் வேலைக்குப் போகிறவர். அவரோடு உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் இதை எழுதிப் பார்த்தோம். பள்ளிக்கூடம் 12,000, தீபாவளி 10,000, திருவிழா 5,000, பொங்கல் 4,000. அடுத்து மொய் என்று நான் எழுதியதும் மதினி நிறுத்தினார். "மொய்யைக்கூடவா தம்பி கணக்குல சேக்கணும்?" கட்டாயம் சேர்க்க வேண்டும், மதுரை, தேனிப் பக்கம் மொய்தான் பெரிய கணக்கே. நம் வீட்டு விசேஷத்தில் வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், முடிந்தால் கொஞ்சம் சேர்த்து. வட்டி எழுதப்படாத கடன் அது. நல்லவேளையாக அதற்கு ஏற்கெனவே ஒரு நோட்டு எல்லார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. அதைப் புரட்டி, யார் வீட்டில் பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யார் வீட்டில் காதுகுத்து வரப்போகிறது என்று பார்த்தால் இந்த வருஷம் எவ்வளவு போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் கணக்கில் 9,000 வந்தது. கூட்டினால் மொத்தம் 40,000.

இதை 52 வாரத்துக்குச் சமமாகப் பிரித்தால் வாரம் 770 ரூபாய். ஆனால் சமமாகப் பிரிப்பதில்தான் எல்லாரும் கவிழ்கிறார்கள், ஏனென்றால் கோடையில் 770 எடுத்து வைக்க முடியாது, இரண்டு வாரம் தவறினதும் மொத்தமாகவே விட்டுப்போகும். அதனால் வேலை இருக்கும்போது கூடுதலாக வைக்க வேண்டும். ஆவணி முதல் தை வரை சுமார் 24 வாரம், வாரம் 1,200 வைத்தால் 28,800. மீதி 28 வாரம், வாரம் 400 வைத்தால் 11,200. கணக்கு சரியாக 40,000. கூலி வாங்கின அன்றைக்கே, மளிகைக் கடைக்குப் போவதற்கு முன்பே இதை ஒதுக்கிவிட வேண்டும், வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். போனஸ் கைக்கு வந்தால் அதில் முதல் பங்கு இந்தக் கணக்குக்கு.

எங்கே வைப்பது? ஜி-பே ஓடுகிற அதே கணக்கில் வைத்தால் நிற்காது, கடையில் ஸ்கேன் செய்யும்போது அது எதற்கு வைத்த பணம் என்று யாருக்கும் நினைவு வராது. தனியாக ஒரு கணக்கு, ஏடிஎம் கார்டு வீட்டில், போனோடு இணைக்காமல். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடலாம், நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு. மகளின் கல்லூரிக்குச் சரி, தீபாவளிக்கு ஆகாது. வருஷச் செலவுக்கு சாதாரண சேமிப்புக் கணக்கு போதும், வட்டி கம்மி என்று யோசிக்க வேண்டாம்.

இனி கடன். ஒருவர் ரூபாய் வட்டி சொல்கிறார், ஒருவர் சதவீதம் சொல்கிறார், ஒருவர் வட்டியே இல்லை, பிடித்தம்தான் என்கிறார். எல்லாவற்றையும் "நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய்" என்று மாற்றி எழுதிக்கொண்டால்தான் எது கடிக்கிறது என்று தெரியும். வருஷத்துக்கு 12 சதவீதம் என்றால் ஒரு ரூபாய் வட்டி. வங்கியில் நகைக்கடன் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம், அதனால் அந்த 100 நாளில் சராசரியாக நம்மிடம் இருந்தது 4,500 தான். 4,500 ரூபாய்க்கு மூன்றே கால் மாதத்தில் 1,000 வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய்க்கு மேல். வீட்டில் தங்கம் சும்மா இருக்க, தண்டல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். வங்கியில் வைத்துத் தண்டலை ஒரேயடியாக முடித்துவிட்டு, தினம் கட்டின அதே 100 ரூபாயை நகையை மீட்பதற்குச் சேர்க்கலாம். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதலே தடைச் சட்டம் இருக்கிறது, மிரட்டல் வந்தால் போலீசுக்குப் போகலாம். குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் குடியிருப்பவர்கள் குடும்பஸ்ரீயையும் கேட்டுப் பாருங்கள், 1998 முதல் நடக்கிறது, நம் மகளிர் குழு மாதிரிதான்.

சீட்டு போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். மலைக்கு மேலே என்றால் கேரள அரசே 1969 முதல் கே.எஸ்.எஃப்.இ. என்ற தன் நிதி நிறுவனம் மூலம் சீட்டு (அங்கே 'சிட்டி' என்பார்கள்) நடத்துகிறது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதெல்லாம் பதிவு ஆகாது. சீட்டு முடியும் முன்பே தள்ளுபடிக்கு ஏலம் கேட்டுத் தள்ளி எடுத்துவிட்டால் அன்றிலிருந்து அது சேமிப்பு இல்லை, கடன். அதையும் அந்தக் கடன் பட்டியலில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். மலைச்சாலையில் நிறைய பேரை ஏற்றிக்கொண்டு ஜீப் ஏறி இறங்குவதை நாம் தினம் பார்க்கிறோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டில் வருஷம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம், 18 வயது முதல் 70 வரை. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி என்ற ஆயுள் காப்பீட்டில் வருஷம் 436 ரூபாய், எப்படி இறந்தாலும் 2 லட்சம், சேர்வதற்கு வயது 18 முதல் 50 வரை. வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் போதும், ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரம்தான் வேலை இல்லாத கோடை, கணக்கில் காசு இல்லாமல் பாலிசி நின்றுபோகும், வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆகவே காய் எடுப்பு நடக்கும் ஒரு வாரத்தில் 456 ரூபாயை அந்தக் கணக்கில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள், வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.