ஆரத் தேடுறான்

"ஆரத் தேடி இப்பிடி ஓடுறான் மனே?" எண்டு அம்மா கேட்டா.

செவரன்ஸ் எண்ட டிவி தொடர்ட ரெண்டாவது சீசன், முதல் எபிசோட். 2022 ஏப்ரல்ல "அவ உயிரோட இரிக்கா" எண்டு கதாநாயகன் மார்க் கத்தினதோட நிப்பாட்டினவங்க, கிட்டத்தட்ட மூணு வருசம் காத்திருந்து இண்டைக்குப் பார்த்தா லிப்ட் திறந்த கையோட அந்த வெள்ளைக் கொரிடோருக்குள்ள ஓடத் தொடங்குறான், திரும்புற இடமெல்லாம் ஒரே சுவர் ஒரே லைட், எனக்கு மூச்சு முட்டிச்சு.

மட்டக்களப்பு கல்லடியில நல்ல மழை.

"செத்திட்டா எண்டு நினைச்ச பொஞ்சாதி அதுக்குள்ளதான் இரிக்காம்மா" எண்டன்.

அம்மா தேத்தண்ணியக் குடிக்கல்ல. மறுகா ஒண்டும் கேக்கவுமில்ல. 90ல காணாமப் போன மாமாட படம் டிவிக்கு மேலதான் தொங்குது, இண்டைவரைக்கும் மாலை போட விடமாட்டா.

முடியுமட்டும் எழும்பாம இருந்தா. அடுத்த வெள்ளி எத்தின மணிக்கு எண்டு கேட்டா.