தப்பில்லாத பாட்டு நல்ல பாட்டா?

எழுதி வைத்த இசையில் ஒரு சுரம் தவறினாலும், வாசித்தது அந்தப் படைப்பே அல்ல என்று அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968-இல் எழுதினார். ஒரு தப்பை விட்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி கடைசியில் ஒரு குழந்தைப் பாட்டாகிவிடும் என்பது அவர் வாதம். ஆனால் உயிரே இல்லாத வாசிப்புகூடப் பிழையில்லை என்றால் தேறிவிடும், அற்புதமான வாசிப்பு ஒரு தப்பால் தேறாது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அப்படியானால் தேறுவது வேறு, ஜெயிப்பது வேறு. ஜெயிப்பது எதனால்?

பென்னாகரம் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைகளில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, பேசாது என்பது பழைய புகார். அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்து 1971 வரை ஒதுக்கியே வைத்திருந்தது. ராக ஆலாபனைக்கு அந்தப் புகார் நியாயம்தான். கூத்தில் அதன் வேலையே வேறு. ராத்திரி முழுக்கச் சுருதியைப் பிடித்து நிற்க வேண்டும், வேஷக்காரர் மூச்சு வாங்கும்போது பின்பாட்டோடு சேர்ந்து அடியைத் தாங்க வேண்டும். அதை அருமையாகச் செய்கிறது.

இப்போது கர்ண மோட்சம் கூத்துக்கு வருகிறேன். விடியப் போகும் நேரம், மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிறான். உச்சியில் குரல் உடைந்தது. வேஷக்காரர் அதை மறைக்கவில்லை. மிருதங்கம் விழ வேண்டிய அடியை நிறுத்திக்கொண்டது, முகவீணை என்ற சின்னக் குழல் கீழேயே இழைந்தது. பாட்டின் அடுத்த அடியை வேஷக்காரர் தாழ்ந்த குரலில் எடுத்தார். அப்பா, என்ன கட்டம் அது! இன்னொரு ஊரில் வேறொரு செட்டு (கூத்துக் குழு), அதே இடம், அதே உடைசல். ஆர்மோனியம் சத்தத்தைக் கூட்டி மூடியது, தாளம் ஓடியது, பாட்டு முடிந்தது. சுரத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே அபஸ்வரம்தான்.

இரண்டு இடத்திலும் பாட்டிகள் அழுதார்கள். கர்ணன் கதைக்கு எப்படியும் அழுவார்கள், அதனால் கண்ணீரைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். இசையின் அழகு ஒலி அசைகிற விதத்தில்தான் இருக்கிறது, கேட்பவரின் உணர்ச்சியில் இல்லை என்று இசை விமர்சகர் ஹான்ஸ்லிக் 1854-இல் சொன்னது இந்த மட்டில் எனக்குச் சம்மதம். முதலில் சொன்ன செட்டு ஜெயித்தது ஒலிக்குள்ளேதான். ஒருவர் உடைந்ததை மற்றவர்கள் கேட்டார்கள், கேட்டு வாசித்தார்கள். இரண்டாவது செட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

திருவிழாவுக்குச் செட்டு பேசப் போகிறவர்கள் கர்ண வேஷம் யார் என்றுதான் விசாரிக்கிறார்கள். மிருதங்கம் யார் என்றும் கேளுங்கள்.