கிணற்றில் போட்ட கல்லும் அலைகள் பாடமும்

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். வீட்டில் யார் பேசினாலும் உரக்கத்தான் பேசுவோம். தறி ஓடும்போது மெல்லப் பேசினால் யாருக்கும் கேட்காது. இப்படிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தும், ப்ளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் நான் அதிக மார்க்கை விட்டது அலைகள் பாடத்தில்தான். வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வருவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் "ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனால் எது மாறும், எது மாறாது?" என்று கேட்டதற்கு, வேகம் கூடுகிறது, அதனால் அதிர்வெண்ணும் கூடும் என்று எழுதி வைத்தேன்.

இந்த வருடம் சித்தி மகள் ப்ளஸ் ஒன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது அதே இடத்தில் அவளும் தடுக்கினாள். அதனால் முதலில் அந்த ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அதிர்கிற பொருள். வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம். அலைநீளம் இந்த இரண்டையும் பொறுத்துத் தானாக அமையும். நொடிக்கு 500 முறை அதிர்கிற ஒன்று நொடிக்கு 500 முறைதான் தள்ளும்; தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக அது 2,000 ஆகாது. காற்றில் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்தால் அலைநீளம் 70 சென்டிமீட்டர். தண்ணீரில் வேகம் சுமார் 1,500 மீட்டர், அலைநீளம் 3 மீட்டராக நீண்டுவிடும்.

ஒளிக்கு இது தலைகீழ். காற்றில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளி, தண்ணீரில் 2.25 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். காற்றில் 600 நானோமீட்டராக இருந்த அலைநீளம் 450 ஆகச் சுருங்கும். அங்கேயும் அதிர்வெண் அப்படியேதான் இருக்கும். ஒலியையும் ஒளியையும் தனித்தனிப் பாடமாகப் படிக்காமல், ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால், பாதிக் குழப்பம் அந்த ஒரு தாளிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் கிணறு. லீவுக்குப் போனபோது அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில், அதன் ஆழத்தைக் கண்டுபிடிக்க நானும் சித்தி மகளும் இதைச் செய்து பார்த்தோம். கல்லைக் கையை விட்ட நொடியில் போனில் ஸ்டாப்வாட்சை அமுக்குவது, 'தொப்' என்று கேட்டதும் நிறுத்துவது. பத்துத் தடவை போட்டோம்; 1.9, 2.1 என்று ஏறி இறங்கி, சராசரி 2 நொடிக்கு வந்தது. அதை அப்படியே கீழே விழும் பொருளின் சமன்பாட்டில் போட்டால் 19.6 மீட்டர், அதாவது 64 அடி.

"ஏனுங் அப்புச்சி, தண்ணி எத்தனை அடியில இருக்குதுங்?"

"கவுறு விட்டா அறுவது அடி ஆவும் கண்ணு."

நாலு அடி எங்கே போனது? கல் விழுந்த சத்தம் மேலே ஏறி வரவும் நேரம் எடுக்கிறது. சுமார் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். அந்த ஆழத்திலிருந்து வர 0.05 நொடி ஆகும். அதைக் கழித்து 1.95 நொடிக்குக் கணக்குப் போட்டால் 18.6 மீட்டர், 61 அடி. அவள் நோட்டை நீட்டிக் காட்டியதும் அப்புச்சி கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். இந்த மாதிரிக் கணக்கு போட்டித் தேர்வுகளிலும் வரும். மொத்த நேரம் என்பது விழுந்த நேரமும் ஒலி வந்த நேரமும் சேர்ந்தது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிடும் நியூட்டன் வாய்பாடு, அதைச் சரிசெய்த லாப்லாஸ் திருத்தம் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். காற்று இறுகித் தளரும்போது வெப்பநிலை மாறாது என்று நியூட்டன் எடுத்துக்கொண்டதால் 0 டிகிரிக் காற்றுக்கு நொடிக்கு 280 மீட்டர்தான் கிடைத்தது. இறுக்கமும் தளர்ச்சியும் வெப்பம் வெளியேற நேரமில்லாத வேகத்தில் நடக்கின்றன என்றார் லாப்லாஸ், காற்றின் இரு தன்வெப்பங்களின் விகிதமான 1.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியதும் 331 வந்தது. காரணம் புரிந்தால் தருவிப்பு மறக்காது.

விளிம்பு விளைவுக்கு, அதாவது தடையின் ஓரத்தில் அலை வளைந்து போவதற்கு, எங்கள் குடோனே போதும். வாசலைத் தாண்டிச் சுவரோரம் நின்றால் தறிச்சத்தம் வளைந்து வந்து காதில் விழும். உள்ளே எரியும் டியூப்லைட் தெரியாது. 350 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டர், ஏறக்குறைய வாசலின் அகலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர்; வாசல் அதைவிடச் சுமார் 20 லட்சம் மடங்கு பெரியது. ஒளியும் வளையும், ஆனால் இடுக்கு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டு விரல்களைக் கிட்டத்தட்ட ஒட்டி வைத்துக் கண்ணருகே பிடித்து டியூப்லைட்டைப் பாருங்கள், இடுக்கில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும்.

தளவிளைவு, அதாவது அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்குவது, குறுக்கலைக்கு (அலை போகும் திசைக்குக் குறுக்கே அதிர்வது) மட்டும்தான் உண்டு, காற்றில் ஒலி நெட்டலை (போகும் திசையிலேயே அதிர்வது). ஒரு மார்க்குக்கு இது போதும்.

செய்முறைத் தேர்வில் ஒத்ததிர்வுத் தம்பம் (குழாயில் தண்ணீர் மட்டத்தை மாற்றி, சத்தம் ஓங்கும் காற்றுத்தம்ப நீளத்தை வைத்து ஒலியின் வேகம் காண்பது) வந்தால் பயப்பட வேண்டாம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு முதல் ஒத்ததிர்வு 16, 17 சென்டிமீட்டரில் கணீரென்று கேட்கும். இரண்டாவது 50 சென்டிமீட்டரை ஒட்டி வரும், ஆனால் மெலிதாக இருக்கும். பலர் அதைத் தவறவிட்டு, முதல் அளவை மூன்றால் பெருக்கி எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முனைத் திருத்தம் (அலை குழாயின் வாயைச் சற்றுத் தாண்டி நிற்பதால் வரும் சிறு நீள வித்தியாசம்) நீங்காது. இரண்டு நீளங்களையும் உண்மையாக அளந்து கழித்தால்தான் நீங்கும். தண்ணீர் மட்டத்தை மெதுவாக ஏற்றி இறக்கி, இசைக்கவையை மறுபடி தட்டி, இரண்டு தடவை கேளுங்கள்.