மண்ணடுக்கில் பதிந்த மழை
காங்கேயம் பக்கம் கிணறு வெட்டினால் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் தட்டுப்படும். மேல்மண்ணில் கரைந்த சுண்ணாம்பை முழுவதும் அடித்துச் செல்லப் போதாத மழையே அதை அங்கே உறையவிட்டது.

சீனத்தின் லோயஸ் (காற்றடித்துப் படிந்த புழுதிமண்) பீடபூமியில், பண்டைய மழைக்கு மண் தரும் இத்தகைய சான்று ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளுக்கு நீள்கிறது. குளிர்ந்து வறண்ட பனியூழிகளில் காற்று குவித்த மஞ்சள் புழுதியும், பருவமழை வலுத்த காலங்களில் அப்புழுதியிலேயே உருவான செம்பழுப்பு மண்ணும் அங்கே மாறி மாறிக் கிடக்கின்றன. அவ்வாறு உருவான மண்ணில் நுண்ணிய காந்தக் கனிமங்கள் மிகுவதால், அடுக்குவாரியாகக் காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப்புலத்தில் மண் எவ்வளவு காந்தமேறுகிறது என்பதை, அளந்து பண்டைய மழையின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கிறார்கள். புவிக்காந்தம் திசைமாறிய தடயங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் ஹெல்லரும் லியூ துங்ஷெங்கும் 1982இல் இவ்வடுக்குகளுக்குக் காலம் குறித்ததே, என் பார்வையில், மண்ணடுக்கில் பண்டைய மழையைப் படிக்கும் இத்துறையின் பெருந்திருப்பம்.

நம் கிணற்று மண்ணடுக்கும் மழையின் பதிவுதான்; ஆகவே கிணறு வெட்டுவோர், கல்கட்டு எழுப்பி அதை மறைக்குமுன் வெட்டுமுகத்தை அளவுநாடாவோடு படமெடுத்து வையுங்கள்.