எச்பிஏ2 கேட்டேன், எச்பிஏ1சி பார்த்துக் கொடுத்தார்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இருப்பது இரும்புச்சத்துக் குறைவு இல்லை, பீட்டா தலசீமியா மைனர், அதாவது ஹீமோகுளோபின் செய்யும் ஒரு மரபணுவில் மட்டும் குறை. பிறவியிலேயே வந்தது, மருந்து தேவையில்லை. இது தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளை நினைத்தால்தான் இன்னமும் வயிற்றெரிச்சல்.

ஹீமோகுளோபின் 10.6. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் இரும்பு மாத்திரை எழுதினார்கள். மலச்சிக்கல், கறுப்பாகப் போவது, வாயில் துரு ருசி எல்லாம் வந்தது. ஹீமோகுளோபின் மட்டும் அசையவில்லை. "டீயோட போட்டிருப்பீங்கம்மா" என்றார் டாக்டர். டீ இரும்பைச் சேரவிடாது என்பது உண்மைதான், ஆனால் நான் எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டிருந்தவள். அடுத்து வேறு பிராண்ட், கூடுதல் விலை, அதே 10.6. கடைசியில், "வயித்துல சேரலை போல, ஊசியா ஏத்திடலாம்" என்றார். இரும்பு குறைவாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்காமலே! கூடுதல் இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

வேறொரு பொது மருத்துவர் பழைய சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்) தாளை வாங்கி, யாரும் பார்க்காத வரிகளைப் பார்த்தார். எம்சிவி, அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு, 63. சாதாரணமாக 80லிருந்து 100 வரை இருக்க வேண்டும். அதாவது சிவப்பணுக்கள் ரொம்பச் சிறியவை. ஆனால் எண்ணிக்கை 55 லட்சம்! ரத்தசோகைக்காரிக்கு இவ்வளவு சிவப்பணுவா? இட்லி மாவு குறைந்தால் இட்லியும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். அது இரும்புக் குறைவு. மாவு இருக்கிறது, தட்டின் குழிதான் சின்னது என்றால் குட்டி இட்லி நிறைய வரும். அது தலசீமியா மைனர். எம்சிவியை, மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாமாம். எனக்கு 63ஐ 5.5ஆல் வகுக்க 11.5 வந்தது. இது சந்தேகத்துக்கு மட்டும்தான், முடிவுக்கு இல்லை. முதலில், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார், நன்றாகவே இருந்தது. (காய்ச்சல், அழற்சி இருக்கும்போது பார்த்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், கவனம்.) பிறகு ஹீமோகுளோபினில் ஒரு வகையான எச்பிஏ2 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எழுதிக்கொடுத்தார்.

அங்கேதான் கூத்து. லேபில் பில் போட்ட பையன் சீட்டைப் பார்த்தான், தட்டினான், ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் போனால் கையில் சர்க்கரை ரிப்போர்ட்! மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்கிற எச்பிஏ1சியைப் போட்டுவிட்டான். "ரெண்டும் ஒரே மெஷின்தான் மேடம்" என்று எனக்கே பாடம் வேறு. மெஷின் ஒன்றாக இருக்கலாம், கேள்வி வேறாயிற்றே தம்பி? பணத்தைத் திருப்ப முடியாது என்றார்கள். சீட்டை மேஜையில் விரித்து, மேனேஜரைக் கூப்பிடும் வரை நகரமாட்டேன் என்று நின்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவரும் சத்தம் போட்டார். இலவசமாக மறுபடி எடுத்தார்கள். எச்பிஏ2 5.2 சதவீதம், 3.5க்கு மேல் போனாலே கேரியர் (குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்) என்பார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், "ஹீமோகுளோபின் வேரியன்ட், எச்பிஎல்சி" (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் டெஸ்ட்) என்று வாயால் சொல்லி, பில்லில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பணம் கட்டும் முன்பே படியுங்கள். இரும்பும் குறைவாக இருந்தால் எச்பிஏ2 இறங்கிக் காட்டலாம், அதனால் ஃபெரிட்டின் முதலில். யாருக்காவது ரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிட வேண்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஏற்றிய பிறகு பார்த்தால் கொடுத்தவர் ரத்தமும் கலந்து குழப்பும்.

அடுத்த போராட்டம் வீட்டில். "எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார் கணவர். நானும் நல்லாத்தான் இருக்கிறேன். இரண்டு பேரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு தலசீமியா மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். இதைச் சொன்ன பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு எல்லாம் நார்மல். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அம்மாதான், "வெளியில சொல்லிடாதடி, தம்பிக்குப் பொண்ணு பார்க்கிற நேரம்" என்கிறார். அதற்காகத்தானே இப்போதே பார்க்க வேண்டும் என்கிறேன்! நேற்று அவனை இழுத்துக்கொண்டு அதே லேபுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் டெஸ்ட் பெயரை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பில் அடித்தான். ரிப்போர்ட் திங்கட்கிழமை வருகிறது.