பெருநாள் இரவு
ரமலான் நோன்பு முடிந்து, அடுத்த மாதமான ஷவ்வாலின் பிறை தென்பட்ட செய்தி கிடைத்ததும், காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் முதலில் திறக்கப்படுவது புத்தாடைப் பெட்டியல்ல, அரிசிப் பானைதான். பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ரா தர்மம் ஏழைகளைச் சென்றடைய வேண்டும் என்பதால், கைக்குழந்தை உட்பட தலைக்கு ஏறத்தாழ 2.5 கிலோ வீதம் வாப்பா அளந்து கட்டிவைப்பார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலக்காயும் கலந்த வட்டிலப்பத்தை உம்மா ஆவியில் ஏற்றியிருக்க, ராத்தா (அக்கா) பிள்ளைகளின் கைகளில், விடிவதற்குள் பாதி தலையணையில் ஒட்டிவிடும் என்று தெரிந்தே, மருதாணி இடுவார். காலையில் குளித்து, அத்தர் பூசி, ‘அல்லாஹு அக்பர்’ எனத் தக்பீர் முழங்கத் தொழச் செல்லும் முன் பேரீச்சம்பழம் உண்பது நபிவழி. ஒரு மாத நோன்புப் பழக்கத்தில், பகலில் அந்தப் பழத்தை எடுக்கும் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.