பழி கருப்பன் மேல், பூஞ்சை பொன்னி மேல்

மகளின் முழங்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சிவந்து, நடுவில் தோல் வெளிறியிருந்தது. பலதுறை மருந்தக மருத்துவர் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று என்று சொல்லி டெர்பினஃபின் களிம்பு எழுதினார். அப்புறம், "வீட்டில் பூனை இருக்கா?" என்றார்.

இரண்டு இருக்கின்றன. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தபின் இரண்டுக்கும் உரிமம் எடுத்தோம். பொன்னி நீளமுடிப் பெர்சியன். கருப்பன் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரிந்தவன். மாமியார் யோசிக்கவே இல்லை. "தெருப்பூனைதாம்மா, வேற யாரு?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பூனைகள் இரண்டின் உடம்பிலும் ஒரு சொட்டைகூட இல்லை. கால்நடை மருத்துவர் இருட்டறையில் புற ஊதா விளக்கடித்துப் பார்த்தார். பூஞ்சை பிடித்த முடி ஆப்பிள் பச்சையாக ஒளிருமாம், ஒளிரவில்லை. எல்லா வகையும் ஒளிராது என்பதால் அதை நம்பி விட்டுவிட முடியாது என்றார். ஆளுக்கொரு புது டூத்பிரஷால் உடம்பு முழுக்க வாரி, சிக்கிய முடியை, பூஞ்சை இருந்தால் முளைத்துக் காட்டும் வளர்ப்புத் தட்டில் அழுத்தி வைத்தார். முடிவுக்கு மூன்று வாரம். அதுவரை கருப்பனைத் தனியறையில் அடைத்தோம். பொன்னி மகளின் மெத்தையில்!

கருப்பனின் தட்டு சுத்தம். பொன்னியின் தட்டில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற படர்தாமரைப் பூஞ்சை. அறிகுறியே காட்டாமல் சுமக்கும் பூனைகளும் நாய்களும் உண்டாம். நீளமுடிப் பூனைகளிடம் இது அதிகமாம். முடியில் வெறும் தூசு போல ஒட்டியிருந்தாலும் தட்டில் முளைக்கும். ஆனால் பிள்ளைக்கே வந்துவிட்டதால் தொற்றாகவே எடுத்துக்கொள்வோம் என்றார் மருத்துவர்.

பொன்னிக்கு ஒரு வாரம் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, மறுவாரம் இடைவெளி, இப்படி மாற்றி மாற்றி. மருந்து கொடுப்பது பெரிய வேலை இல்லை. குளியல்தான் கொடுமை. வாரம் இருமுறை சுண்ணாம்பு-கந்தகக் கரைசலில் இருவரையும் நனைத்து, அலசாமல் அப்படியே காயவிட வேண்டும். கருப்பன் ஏன் என்றால், ஒரே வீட்டில் இருக்கிறானே. அழுகிய முட்டை நாற்றம் லிஃப்ட் வரை போயிருக்கும். வெள்ளைப் பொன்னி மஞ்சளாகிவிட்டாள். உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் தங்கும் என்பதால் தினமும் வாக்குவம், அப்புறம் சோப்பு நீரில் துடைப்பு. மெத்தை உறையைத் துவைத்துத் துவைத்தே நைந்து போயிற்று.

பொன்னியின் தட்டு அடுத்தடுத்து இரண்டு முறை சுத்தமாக வந்த பிறகுதான் நிறுத்தினோம். குளியலுக்குப் பிடித்துக்கொடுத்த மாமியாரின் வெள்ளி மோதிரம் மட்டும், கந்தகம் பட்டுக் கறுத்தது, திருநீறு போட்டுத் தேய்த்தும், இன்னும் கருப்பாகவே இருக்கிறது.